சாவிக்கொத்தோடு ஒரு பேட்டரி

அந்த பேட்டரியை அவனுக்குக் கொடுத்தது நான்தான். நாலு வருடமாக இதை எழுத உட்காருகிறேன். இந்த முதல் வரிக்கு மேல் கை ஓடுவதில்லை. போன மாதம் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், சிகரெட்டை விடப்போகிறேன், வேப் வாங்கலாம் என்றிருக்கிறேன், எதை வாங்குவது என்று கேட்டார். வேப் என்றால் நிகோடின் கலந்த திரவத்தை பேட்டரியால் சூடாக்கி, அந்த ஆவியை இழுக்கும் இ-சிகரெட். நான் வாயைத் திறந்ததும் எந்த ஃப்ளேவரில் ஆரம்பித்தால் நல்லது என்று பேச ஆரம்பித்துவிட்டேன். பாதியில் எனக்கே சுருக்கென்றது. அதே இடத்திலிருந்து, அதே தவறான முனையிலிருந்து மறுபடியும் தொடங்குகிறேன். பேச்சை நிறுத்தி, நாளைக்குச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அன்று இரவுதான் இந்தக் கட்டுரையின் இரண்டாவது வரி வந்தது.

2021 நவம்பர், ஒரு சனிக்கிழமை. என் மனைவியின் தம்பி அப்போது லெஸ்டரில் எம்.எஸ்ஸி. படித்துக்கொண்டே வார இறுதியில் ஒரு கிடங்கில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். வேலை முடிந்து பஸ்ஸுக்காக நின்றிருக்கிறான். பேண்ட்டின் வலது பையில் வீட்டுச் சாவி, லாக்கர் சாவி, கொஞ்சம் சில்லறை, அவற்றோடு வேப்புக்காக நான் கொடுத்த ஸ்பேர் பேட்டரி. முதலில் தொடையில் சூடு தெரிந்திருக்கிறது. போன்தான் சூடாகிறது என்று நினைத்து மேலாகத் தடவிப் பார்த்திருக்கிறான். போன் சட்டைப் பையில் இருந்தது. அப்புறம் ஒரு சீறல், குக்கர் விசில் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் வருமே, அந்த மாதிரி. கையை உள்ளே விட்டு எடுக்கப் பார்த்திருக்கிறான். எடுக்க முடியவில்லை. துணியைத் துளைத்துக்கொண்டு நெருப்பு வந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்ற ஒரு பெண்மணி தன்னிடம் இருந்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து, அவன் பேண்ட்டைக் கழற்றச் சொல்லிக் கத்தியிருக்கிறார். நவம்பர் குளிரில், தெருவில், ஒற்றைக் காலில் நின்றபடி கழற்றியிருக்கிறான். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் போய்விட்டது. வலது கையில் மூன்று விரல் கொப்பளித்திருந்தது.

போன் எனக்கு வரவில்லை, என் மனைவிக்குத்தான் வந்தது. அவள் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "நீங்க கொடுத்தீங்களே, அதுதான் வெடிச்சிருக்கு" என்றாள். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

நான் கற்றுக்கொண்ட விதம்

நான் புகைக்கத் தொடங்கியது திருச்சியில், பத்தொன்பது வயதில், கல்லூரிக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில். ஒரு கையில் டீ, மறு கையில் கடைக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒற்றையாக எடுத்துக் கொடுக்கும் சிகரெட், பற்றவைக்கக் கடையோரம் தொங்கும் கனல் கயிறு. பதினேழு வருடம் அது விடவில்லை. லண்டன் வந்த பிறகு பாக்கெட் பத்து பவுண்டைத் தாண்டியது, அப்போதும் விடவில்லை. நிகோடின் பேட்ச் ஒட்டிப் பார்த்தேன், இரண்டு தடவை. மூன்று வாரம் தாண்டியதில்லை. 2018இல் ஈஸ்ட் ஹாமில் எங்கள் வட்டாரத்துப் புகை நிறுத்த மையத்துக்குப் போனேன். அங்கே ஒரு சிறிய கருவியில் ஊதச் சொல்வார்கள். மூச்சில் எவ்வளவு கார்பன் மோனாக்சைடு இருக்கிறது என்று அது காட்டும். எனக்கு 24 வந்தது. புகைக்காதவருக்கு ஒற்றை இலக்கத்தில், அதுவும் கீழேதான் வரும் என்றார் அங்கிருந்த நர்ஸ். வேப் முயன்று பார்த்தீர்களா என்று கேட்டதும் அவர்தான். ஆஸ்பத்திரி ஆள் ஒருவர் அப்படிக் கேட்பது எனக்கு அன்றைக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலு வாரம் கழித்து அதே கருவியில் ஊதினேன். 2 காட்டியது. அந்த 2ஐ நான் மறக்கவில்லை. பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் நடுவில் அந்த 2 இருந்துகொண்டே இருக்கிறது.

ஆரம்பத்தில் வாங்கியது பேனா மாதிரி ஒன்று. பேட்டரி உள்ளேயே பொருத்தியது, நேராக சார்ஜ் போடலாம். கடைக்காரர் வயதானவர், நாற்பது வருடம் புகைத்து விட்டவர். ஒரு நாளைக்கு எத்தனை, காலையில் எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் என்று கேட்டு, மில்லிக்கு 18 மில்லிகிராம் நிகோடின் உள்ள லிக்விட் கொடுத்தார். பிரிட்டனில் 20க்கு மேல் விற்கக்கூடாது, பாட்டில் 10 மில்லிக்கு மேல் கூடாது, லிக்விட் ஊற்றும் டேங்க் 2 மில்லிக்கு மேல் கூடாது என்பது 2016 விதிமுறை. மற்றதெல்லாம் நானே பட்டுப் பட்டுக் கற்றுக்கொண்டேன். லிக்விட்டைச் சூடாக்கும் கம்பிச் சுருள்தான் காயில்; அதற்குள் பஞ்சு இருக்கும். புதுக் காயில் போட்டால் அந்தப் பஞ்சில் நாலு சொட்டு விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடமாவது சும்மா வைக்க வேண்டும். நான் வைக்கவில்லை. ஒரே இழுப்பில் பஞ்சு கருகி, தொண்டையில் எரிந்த துணி நாற்றம். அந்தக் காயில் குப்பைக்குத்தான் போனது. கிளிசரின் எழுபது சதவீதம் இருக்கும் கெட்டியான லிக்விட் சின்ன காயிலின் துளைக்குள் வேகமாக ஊறாது, பாதிக்குப் பாதி கலந்த நீர்த்த லிக்விட்தான் அதற்குச் சரி. சிகரெட் மாதிரி வாயில் தேக்கி உள்ளே இழுப்பது ஒரு முறை, ஹூக்கா மாதிரி நேராக நெஞ்சுக்கு இழுப்பது இன்னொரு முறை. இரண்டாவதற்கு 18ஐ ஊற்றினால் தலை சுற்றி உட்கார்ந்துவிடுவோம், 3 போதும். இப்படி ஒவ்வொன்றாக.

இதையெல்லாம் நான் சீக்கிரம் கற்றுக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. காயிலில் தப்பு செய்தால் அடுத்த நிமிடமே நாக்கு சொல்லிவிடும். லிக்விட்டில் தப்பு செய்தால் தொண்டை சொல்லும். பேட்டரியில் செய்யும் தப்பு எதுவும் சொல்லாது. இரண்டு வருடம் சாவியோடு பையில் போட்டுக்கொண்டு திரியலாம், ஒன்றும் ஆகாது. ஆகாததாலேயே அது தப்பு இல்லை என்று மனசு முடிவு செய்துவிடும்.

2019இல் பேனாவை விட்டு, கழற்றிப் போடும் பேட்டரி வைத்த பெட்டி மாதிரியான வேப் வாங்கினேன், அதை மோட் என்பார்கள். பேட்டரி தீர்ந்தால் சார்ஜுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை, ஸ்பேரை எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். அதே கடைதான். இரண்டு பேட்டரி எடுத்துக் கொடுத்த அந்தப் பெரியவர், அவற்றை ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, எப்போதும் இதற்குள்ளேயே வைத்திரு என்றார். டப்பாவுக்குக் காசு வாங்கவில்லை. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

2021 கோடையில் மச்சினன் எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வாரம் இருந்தான். வீட்டுக்குப் பின்னால் போய்ப் புகைத்துவிட்டு, புதினா மிட்டாயை மென்றபடி உள்ளே வருவான். அக்காவுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தான். அவள் என்னிடம் வந்து, "நீங்க விட்டீங்கல்ல, அவனுக்கும் எதாவது பண்ணுங்க" என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் புதிதாக வேறொன்று வாங்கியிருந்த நேரம் அது. என் பழைய மோட், இரண்டு பேட்டரி, சார்ஜர், ஐந்து காயில், மூன்று பாட்டில், எல்லாவற்றையும் மேசையில் பரப்பி ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். பஞ்சு நனைப்பதிலிருந்து டேங்க் கழுவுவது வரை. பேட்டரிக்கு வந்தபோது நான் சொன்னது இவ்வளவுதான்: "தீர்ந்தா மாத்திக்கோ, ரெண்டு இருக்கு." பேட்டரி இரண்டையும் டிஷ்யூ பேப்பரில் சுற்றிக் கொடுத்தேன். டப்பா என் புது பேட்டரிகளுக்கு வேண்டியிருந்தது.

ரயிலில்

விபத்துக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, லெஸ்டருக்குப் போனேன். மனைவியும் வருவதாக இருந்தாள். மகளுக்குக் காய்ச்சல், வரவில்லை. ஆஸ்பத்திரியில் புண்ணைக் கழுவிக் கட்டிப் படுக்கவைத்திருந்தார்கள். முதல் நாள் புண்ணில் ஒரு சிறு தாளை ஒற்றிப் பார்த்தார்களாம், எதற்கென்று அவனுக்குப் புரியவில்லை. நர்ஸிடம் கேட்டேன். பேட்டரிக்குள் இருக்கும் ரசாயனம் தோலில் பட்டால் சூட்டோடு காரமும் சேர்ந்து அரிக்கும்; அது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கழுவ வேண்டும் என்றார். நெருப்புச் சூடு என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வாங்கிப்போன ஆரஞ்சை உரித்துக் கொடுத்தேன். வலது கையில் கட்டு, இடது கையால் சாப்பிட்டான். கொஞ்ச நேரம் வேலையைப் பற்றி, பரீட்சையைப் பற்றிப் பேசினோம். அப்புறம் கேட்டான். "மாமா, அது இப்படி ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் "தெரியாதுடா" என்றேன். சொல்லும்போது அது பொய் என்று எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். மனசறிந்து மறைக்கவில்லை. எனக்குத் தெரியாது என்றே நம்பித்தான் சொன்னேன்.

திரும்பி வரும் ரயிலில் டிக்கெட் கேட்டார்கள். கோட்டுப் பையில் கையை விட்டேன். டிக்கெட்டோடு அந்த பிளாஸ்டிக் டப்பாவும் கைக்கு வந்தது. உள்ளே என் ஸ்பேர் பேட்டரி, சத்தமில்லாமல், பத்திரமாக. பக்கத்திலேயே என் வீட்டுச் சாவி. இரண்டு வருடமாக அந்தச் சாவியும் ஏதாவதொரு ஸ்பேர் பேட்டரியும் ஒரே பையில்தான் இருந்திருக்கின்றன, நடுவில் அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக். பெரியவர் சொன்னது அப்போதுதான் காதில் விழுந்தது மாதிரி இருந்தது. எனக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. நான் அதைச் செய்தும் வந்திருக்கிறேன். ஏன் என்று கேட்டுக்கொள்ளாததால், அது இன்னொருவருக்குச் சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றவே இல்லை. டப்பாவை நான் வைத்துக்கொண்டு பேட்டரியை அவனுக்குக் கொடுத்திருக்கிறேன்.

செயின்ட் பேன்க்ராஸ் வருவதற்குள் அவனைக் கூப்பிட்டேன். டப்பா விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. "சொல்லியிருக்கலாமே மாமா" என்றான். ஆமாம்டா, சொல்லியிருக்கணும் என்றேன்.

அந்த உருளைக்குள்

அதற்குப் பிறகு பல இரவுகள் இதையே படித்தேன். குற்ற உணர்ச்சியில் தொடங்கியது. போகப்போக, இவ்வளவு எளிமையான ஒரு விஷயம் ஏன் முதல் நாளே என் காதில் ஏறவில்லை என்ற ஆதங்கமாக மாறியது.

அந்த பேட்டரிக்குப் பெயர் 18650. பெயரே அளவுதான்: 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம், கடைசி 0 என்பது உருளை வடிவத்துக்கு. பழைய லேப்டாப் பேட்டரிகளுக்குள் வரிசையாக இருந்ததும் இதே அளவு செல்தான். டிவி ரிமோட்டில் போடும் பேட்டரிக்கு அண்ணன் மாதிரி தெரியும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். ரிமோட் பேட்டரியைச் சாவியோடு போட்டால் பெரும்பாலும் சூடாகித் தீர்ந்துபோகும். 18650 அப்படியில்லை. அதன் மேல் முனையில் இருக்கும் சின்னக் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். மீதி உடம்பு முழுக்க, பக்கவாட்டு, அடிப்பக்கம், மேலே குமிழைச் சுற்றியுள்ள விளிம்பு வரை, எல்லாம் நெகட்டிவ். இரண்டுக்கும் நடுவில் இருப்பது காகிதத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்த ஒரு மெல்லிய வளையமும், உடம்பைச் சுற்றிய நிறத் தாள் போன்ற மேலுறையும்தான். அந்த மேலுறை மேல் விளிம்பில் நகக்கண் அளவு கிழிந்தால் போதும். ஒரு சாவி குமிழையும் விளிம்பையும் ஒரே நேரத்தில் தொட்டால் பல பத்து ஆம்பியர் மின்சாரம் அந்தச் சாவி வழியாகப் பாயும். வேப்புக்கு விற்கும் செல்கள் நிறைய மின்சாரத்தை ஒரே மூச்சில் தருவதற்காகவே செய்யப்பட்டவை. அவற்றில் பெரும்பாலானவற்றில் தடுத்து நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று கிடையாது. செல் உள்ளே சூடாகும். உள்ளே இரண்டு தகடுகளைப் பிரித்து வைத்திருக்கும் மெல்லிய படலம் உருகும். அது உருகினால் வெளியே சாவியை எடுத்துவிட்டாலும் பயனில்லை, உள்ளேயே ஷார்ட் ஆகி, அந்தச் சூடே மேலும் சூட்டைக் கிளப்பும். உள்ளிருக்கும் திரவம் எரியக்கூடியது. மச்சினன் கேட்ட சீறல், அந்தத் திரவம் ஆவியாகி வெளியேறிய சத்தம்.

நான் கொடுத்த பேட்டரிகளில் ஒன்றில் மேலுறை கிழிந்திருந்ததா? எனக்கு நினைவில்லை. நான் பார்க்கவே இல்லை, எப்படி நினைவிருக்கும்.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2016 முடிய, இ-சிகரெட் தீப்பிடித்ததாகவோ வெடித்ததாகவோ ஊடகங்களில் வந்த 195 சம்பவங்களைத் தொகுத்திருந்தார்கள். அதில் 61 சம்பவங்களில் கருவியோ ஸ்பேர் பேட்டரியோ பைக்குள் இருந்தது. 60இல் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது. 48இல் சார்ஜ் ஏறும்போது. அந்த 61ஐப் பார்த்தபோது எனக்குப் பஸ் நிறுத்தம்தான் தெரிந்தது. கோடிக்கணக்கான பேர் பயன்படுத்தும் பொருளில் 195 குறைவுதான், எனக்குத் தெரியும். ஆனால் 2018 மே மாதம் ஃப்ளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சஸில் 24 வயதுப் பையன் ஒருவரும் வேப் வெடித்துச் செத்துப்போனார்கள். ஃப்ளோரிடாவில் வெடித்தது மெக்கானிக்கல் மோட். அதாவது உள்ளே சிப் எதுவும் இல்லாமல் பேட்டரியையும் காயிலையும் நேராக இணைக்கும் குழாய். அதைத் தொடங்குபவர்கள் தொடவே கூடாது என்பது என் கருத்து. அனுபவம் உள்ளவர்களும் எதற்குத் தொட வேண்டும் என்றே இப்போது நினைக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் படித்த ஓம் விதி இத்தனை வருடத்துக்கு அப்புறம் இங்கே வந்து நிற்கிறது. நிறைந்த செல் 4.2 வோல்ட். மெக்கானிக்கல் மோடில் 0.5 ஓம் காயில் போட்டால் 8.4 ஆம்பியர் ஓடும், சாதாரணம். 0.15 ஓம் போட்டால் 28 ஆம்பியர். செல் தொடர்ந்து தாங்குவது எவ்வளவு? 3000 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) கொள்ளும் நல்ல செல்கள் 15, 20 ஆம்பியரோடு நின்றுவிடும். சிப் உள்ள மோடில் கணக்கு வேறு. அங்கே காயிலின் ஓம் பேட்டரிக்குப் பொருட்டே இல்லை, நீங்கள் வைக்கும் வாட்தான் கணக்கு. நான் மச்சினனுக்குக் கொடுத்தது 75 வாட் வரை போகும் ஒற்றை பேட்டரி மோட். பேட்டரி இறங்கி 3.2 வோல்ட்டில் நிற்கும்போது 75 வாட் வேண்டுமென்றால் செல் 23 ஆம்பியருக்கு மேல் கொடுத்தாக வேண்டும்; சிப் தின்னும் பங்கையும் சேர்த்தால் 26. நான் கொடுத்தது 15 ஆம்பியர் செல். மேலே எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றிப் பார் என்று அவனிடம் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவன் 40க்கு மேல் வைக்கவில்லை, தொண்டை எரிந்ததால்.

சமையலறைத் தராசு

ஒரு இரவு அலமாரியைத் திறந்து என்னிடம் இருந்த எல்லா பேட்டரியையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்பது இருந்தன. நாலு அந்தக் கடையில் வாங்கியவை, ஐந்து இணையத்தில் மலிவாகக் கிடைத்தபோது வாங்கியவை. அவற்றில் இரண்டின் மேல் 9900 எம்.ஏ.எச். என்று பெரிதாக அச்சடித்திருந்தது. வாங்கும்போது அதிகம் கிடைக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். 18650 அளவுக்குள் 3600க்கு மேல் அடைப்பதே பெரும்பாடு. 9900 என்று எழுதியிருந்தால், எழுதியவன் பொய் சொல்கிறான் என்பது மட்டும்தான் அதிலிருந்து தெரியும். மனைவி கேக் செய்ய வைத்திருக்கும் தராசில் ஒவ்வொன்றாக வைத்தேன். நல்ல செல் 45 கிராமை ஒட்டி இருக்க வேண்டும். கடையில் வாங்கியவை 46, 46, 47, 46. இணையத்தில் வாங்கியவற்றில் இரண்டு 31 கிராம். மனைவி சத்தம் கேட்டு வந்து பார்த்தாள். என்ன என்று கேட்காமல் எதிரே உட்கார்ந்தாள். நான் சொல்லச் சொல்ல அவளே எடுத்து வைத்து எண்ணைப் படித்தாள். அவன் விபத்துக்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிச் சேர்ந்து பேசியது அன்றுதான்.

அவள் சொன்னது இது. "அப்போ ரெண்டு பேரும் இதையும் விட்டுடுங்க." நியாயமான பேச்சு. என்னிடம் அதற்கு முழுப் பதில் இல்லை. 2019இல் இங்கிலாந்தில் 886 பேரை வைத்துச் செய்த ஆய்வில், வேப் கொடுக்கப்பட்டவர்களில் ஒரு வருடம் கழித்தும் சிகரெட் தொடாதவர்கள் 18 சதவீதம்; பேட்ச், கம் போன்றவை கொடுக்கப்பட்டவர்களில் 9.9. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது: வேப்பால் விட்டவர்களில் 80 சதவீதம் பேர் ஒரு வருடம் கழித்தும் வேப்பை விடவில்லை. அந்த எண்பதில் ஒருவன் நான். என் மூச்சில் 24 இருந்தது 2 ஆனது, அதுவும் உண்மை. அவனுடைய தொடையில் இருப்பதும் உண்மை. ஒன்றைக் காட்டி மற்றதை மறைக்க எனக்கு மனசில்லை. புகைக்காதவர் யாரும், குறிப்பாகப் பிள்ளைகள், இதன் பக்கமே வர வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. புகைப்பவர் இதற்கு மாறினால், மாறும் முதல் நாளே பேட்டரியைப் பற்றி அவருக்குச் சொல்லப்பட வேண்டும் என்பதிலும் இல்லை.

ஊரில் இருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தியாவில் 2019ஆம் வருடச் சட்டப்படி இ-சிகரெட் தயாரிப்பது, இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாமே குற்றம். நான் திருச்சிக்குப் போகும்போது எல்லாவற்றையும் லண்டன் வீட்டில் வைத்துவிட்டு நிகோடின் கம்மோடுதான் போகிறேன். ஆனாலும் ஊரில் மறைவாக விற்கிறார்கள், வாங்குகிறார்கள் என்று கேள்விப்படும்போது எனக்குக் கவலையாக இருக்கிறது. மறைவாக வாங்குபவருக்கு, டப்பாவில் போட்டு மூடிக் கொடுக்கும் பெரியவர் ஒருவர் கிடைக்க மாட்டார். தராசில் 31 காட்டும் செல்தான் கிடைக்கும்.

கூட வேலை பார்ப்பவரிடம் நான் மறுநாள் சொன்னது

பேட்டரி உள்ளேயே பொருத்திய சின்ன பாட் வகை வேப் வாங்குங்கள், தொடங்குபவருக்கு அது போதும் என்றேன். 2025 ஜூன் 1 முதல் இங்கே ஒருமுறை பயன்படுத்தி வீசும் வேப்புக்குத் தடை வந்துவிட்டதால் இப்போது எல்லோருமே சார்ஜ் போட்டாக வேண்டும். கூட வந்த கேபிளில், கல் மேடையிலோ தரையிலோ வைத்து, விழித்திருக்கும்போது போடுங்கள். கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் வேண்டாம். கீழே விழுந்து நசுங்கினாலோ தண்ணீரில் விழுந்தாலோ அதோடு அதற்கு விடை கொடுத்துவிடுங்கள். விமானத்தில் போனால் கையோடு கொண்டுபோகும் பைக்குள்தான், பெட்டிக்குள் போடக்கூடாது. என்றைக்காவது கழற்றிப் போடும் பேட்டரிக்கு மாறினால் முதலில் டப்பா வாங்குங்கள், அதற்கப்புறம் பேட்டரி. மேலுறையில் கீறல் தெரிந்தால் பயன்படுத்தாதீர்கள். இரண்டு பேட்டரி போடும் மோட் என்றால் இரண்டையும் ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே போட்டு, ஒன்றாகவே சார்ஜ் ஏற்றி, கடைசி வரை பிரிக்காமல் வைத்திருங்கள். புதிதையும் பழையதையும் கலந்தால் பலவீனமானது முதலில் வற்றி, மற்றது அதன் மேல் ஏறி நிற்கும். இவற்றை அவர் சீட்டில் எழுதிக்கொண்டார். இந்த உருளைகளைத் தயாரிக்கும் பெரிய நிறுவனங்களே, தனியாக ஒரு செல்லை வாங்கிக் கையில் வைத்துப் புழங்குவதற்காக இதைச் செய்யவில்லை என்று சொல்லிவருகின்றன என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டதும் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஃப்ளேவரைப் பற்றிக் கடைசியில் அவரே கேட்டார். புதினா என்றேன்.

மச்சினன் புண் ஆறி வந்ததும் மறுபடி சிகரெட்டுக்குப் போனான். இரண்டு மாதம். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2022 பிப்ரவரியில் அவனே வந்து, பேட்டரி வெளியே எடுக்க முடியாத மாதிரி ஒன்று இருக்கிறதா மாமா என்று கேட்டான். கடைக்கு இருவரும் சேர்ந்து போனோம். பெரியவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அவன் கையைப் பிடித்து விரல்களைத் திருப்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இப்போது அவன் வேப்பையும் விட்டு ஒன்றரை வருடம் ஆகிறது. நான் இன்னும் 3 மில்லிகிராமில் நிற்கிறேன்.

அன்று கடையிலிருந்து வந்தவுடன், அந்த ஒன்பது பேட்டரியில் கழிக்க வேண்டியவற்றைப் பிரித்தோம். கழிக்க வேண்டியவை ஏழு. வீட்டுக் குப்பையில் போட்டால் குப்பை லாரியில் நசுங்கித் தீப்பிடிக்கும். சூப்பர் மார்க்கெட் வாசலில் இருக்கும் பேட்டரித் தொட்டிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், அதற்கு முன் இரண்டு முனையிலும் டேப் ஒட்ட வேண்டும். நான் டேப்பை எடுத்தேன். "நான் ஒட்டுறேன் மாமா" என்று வாங்கிக்கொண்டான். தோல் புதிதாக வந்திருந்த விரல்கள், ரோஸ் நிறத்தில், இன்னும் சரியாக மடங்கவில்லை. ஒவ்வொரு செல்லையும் எடுத்து, மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு, நகத்தால் அழுத்தித் தேய்த்து ஒட்டினான். ஏழையும் முடித்து வரிசையாக வைத்தான். பிறகு முதலாவதைத் திரும்ப எடுத்து, அதன் மேல் இன்னொரு துண்டு ஒட்டினான்.